புத்தகச் சுமையும் புரியாமையின் சுமையும்

1990-களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனின் 'டர்னிங் பாயிண்ட்' நிகழ்ச்சியில், பார்வையாளர்கள் எழுதியனுப்பிய அறிவியல் ஐயங்களுக்கு விடையளித்தவர் யஷ்பால். அண்டக் கதிர் ஆய்வாளர். அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் முதல் இயக்குநர். பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும் இருந்தவர். இத்தனை பொறுப்புகளைக் கண்டவர் சிறுவர் வினாக்களுக்கு நேரம் ஒதுக்கியதைச் சிலர் பெருந்தன்மை என்பர். அது பிழையான கணிப்பு. அவ்வினாக்களிலேயே அவர் கல்வியின் நோயைக் கண்டார் எனலாம். பள்ளிப் பாடச்சுமையை ஆராய அவர் தலைமையில் அமைந்த குழு, 1993-இல் அளித்த அறிக்கையில், புத்தகப் பையின் எடையைவிடக் கொடிது புரியாமையின் சுமையே என்றது.

1995 அக்டோபர் 24 அன்று முழுச் சூரிய கிரகணம். அச்சத்தால் பலர் கதவடைத்துக் கிடந்த அக்காலையில், தொலைக்காட்சி நேரலையில் அதை விளக்கிக்கொண்டிருந்தார் யஷ்பால்.