கோடும் நிறமும்: லைம் நோய்க்கு இரண்டு சோதனை முறைகள்

தையல் நாடாவைவிட மெலிந்த ஒரு வெள்ளைப் பட்டை. அதன் குறுக்கே ஏணிப்படி போலக் கோடுகள். சில அழுத்தமானவை, சில, பென்சில் முனையால் தொட்டுவிட்டு எடுத்ததுபோல மங்கலானவை. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஏறத்தாழ கால் நூற்றாண்டாக, ஒருவருக்கு லைம் நோய் உண்டா இல்லையா என்பதில் கடைசி வார்த்தை இந்தப் பட்டையுடையதாகத்தான் இருந்தது. ஐந்து கோடு இருந்தால் உண்டு. நான்கு என்றால் இல்லை. 2019-இல் அதற்கு மாற்றாக வந்த முறையில் கோடே கிடையாது. சிறு குழிகளில் நிறம் மாறுகிறது, கருவி அதை அளந்து ஓர் எண்ணைச் சொல்கிறது. இவற்றில் எது நம்பகமானது என்ற கேள்வி நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் வீட்டுக்குப் பின்னால் புல்வெளி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் உரியதுதான்.

நோயின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1975-இல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற சிற்றூரிலும் அக்கம்பக்கத்திலும் பிள்ளைகள் பலருக்கு முழங்கால் வீங்கியது. இது தற்செயல் அல்ல என்று முதலில் பிடித்துக்கொண்டவர்கள் தாய்மார்கள். பாலி மர்ரே என்ற பெண்மணி தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் ஆராய வந்தார். உண்ணி கடித்துப் பரவும் சுருள் வடிவக் கிருமியே காரணம் என்று 1981-இல் வில்லி பர்க்டார்ஃபர் கண்டார். கிருமிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது: பொரேலியா பர்க்டார்ஃபெரி. கடிக்கும் இளம் உண்ணி கசகசா அளவுதான். கடித்ததே பலருக்குத் தெரியாமல் போவதற்கு அதுவே காரணம்.

இந்தக் கிருமியை நேரில் பிடிப்பது கடினம். இரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும். ஆய்வகத்தில் வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை, வீங்கிய முழங்காலிலிருந்து எடுத்த நீரில் நன்றாக வேலை செய்கிறது. இரத்தத்தில் பெரும்பாலும் கைவிரிக்கிறது. ஆகவே கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பழைய முறை, புதிய முறை இரண்டுக்கும் இதுவே அடிப்படை. இரண்டிலும் முதல் படியும் ஒன்றே: எலைசா. 1971-இல் சுவீடனில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் உருவாக்கிய உத்தி அது. குழியின் அடியில் கிருமியின் புரதங்களைப் படியவைத்து, மேலே நோயாளியின் இரத்தத் தெளிவை ஊற்றுகிறார்கள். பொருந்தும் எதிர்ப்புரதம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், நிறம் வரும். நிறம் இல்லையென்றால் சோதனை அங்கேயே முடிந்தது. நிறம் வந்தாலோ சந்தேக எல்லையில் நின்றாலோ இரண்டாம் படிக்குப் போகும்.

ஏன் இரண்டாம் படி? கிருமியை முழுதாக உடைத்துக் குழியில் போட்டால் அதில் மற்றக் கிருமிகளிடமும் உள்ள புரதங்கள் கலந்திருக்கும். சிஃபிலிஸ் உள்ளவருக்கும், சில வைரஸ் காய்ச்சல் வந்தவருக்கும், லூபஸ் போன்ற நோய் உள்ளவருக்கும் நிறம் வந்துவிடலாம். முதல் படி நெல்லோடு பதரையும் அள்ளிக்கொண்டு வரும். புடைப்பதற்கு ஒரு முறம் தேவை.

பழைய முறையின் முறம்தான் அந்தக் கோட்டுப் பட்டை. பெயர் வெஸ்டர்ன் பிளாட். மேற்குத் திசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எட்வின் சதர்ன் என்பவர் டிஎன்ஏவுக்குக் கண்டுபிடித்த உத்தி அவர் பெயரால் சதர்ன் பிளாட் ஆனது, புரதத்துக்கானதை வேடிக்கையாக வெஸ்டர்ன் என்றார்கள், அது நிலைத்துவிட்டது. கிருமியின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டையில் படியவைக்கிறார்கள். எந்தப் புரதத்துக்கு எதிர்ப்புரதம் உண்டோ அந்த இடத்தில் கோடு விழும். 1994-இல் மிச்சிகனின் டியர்பார்ன் நகரில் கூடிய நிபுணர்கள் கணக்கை வகுத்தார்கள். நெடுநாள் நிற்கும் ஐஜிஜி வகை எதிர்ப்புரதத்தில் பத்தில் ஐந்து கோடு. முதலில் தோன்றும் ஐஜிஎம் வகையில் மூன்றில் இரண்டு. ஐஜிஎம் முடிவை நோய் தொடங்கிய முதல் நான்கு வாரங்களுக்குள் மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும்.

கோடுகளுக்குப் பின்னால் கிருமியின் வாழ்க்கையே இருக்கிறது. உண்ணியின் குடலில் இருக்கும்போது கிருமி ஓஸ்ப்-ஏ என்ற புரதத்தைப் போர்த்திக்கொண்டிருக்கும். உண்ணி இரத்தம் குடிக்கத் தொடங்கியதும் அதைக் களைந்துவிட்டு ஓஸ்ப்-சி என்ற இன்னொன்றை அணியும். மனித உடல் முதலில் பார்ப்பது இரண்டாவது சட்டையைத்தான். 23 என்ற எடையில் விழும் ஓஸ்ப்-சி கோடு சீக்கிரம் வருவதும், 31-இல் விழும் ஓஸ்ப்-ஏ கோடு பெரும்பாலும் மாதக்கணக்கில் தாமதிப்பதும் இதனால்தான். 1998 இறுதியில் அனுமதி பெற்று 2002-இல் விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்ட லைம்ரிக்ஸ் தடுப்பூசி இந்த ஓஸ்ப்-ஏவை வைத்துச் செய்யப்பட்டது. அந்த ஊசி போட்டவர்களின் இரத்தம், முழுக்கிருமி எலைசாவில் நோய் இல்லாமலே நிறம் காட்டக்கூடும். அத்தகையவரிடம் காரணம் ஊசியா நோயா என்று பிரித்துக் காட்டக்கூடியது கோட்டுப் பட்டை. இந்த அளவு விவரம் ஒற்றை எண்ணில் கிடைக்காது.

ஆனால் அந்த விவரம்தான் பட்டையின் பலவீனமும். மங்கலான கோட்டைக் கோடாக எண்ணுவதா, விட்டுவிடுவதா? ஒரே பட்டையை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கலாம். ஐஜிஎம் பட்டையில் மொத்தமே மூன்று கோடு. அதில் 41 என்ற எடையில் விழுவது கிருமியின் வாலுக்குரிய புரதம். அதே மாதிரிப் புரதம் பிற பாக்டீரியாக்களிலும் இருப்பதால் நோயில்லாத பலரிடமும் இந்தக் கோடு உண்டு. அதோடு ஒரு மங்கல் கோட்டைச் சேர்த்து எண்ணிவிட்டால் 'நோய் உறுதி'. ஆறு மாதமாகச் சோர்வு என்று வருபவரிடம் ஐஜிஎம் மட்டும் கோடு காட்டி ஐஜிஜி காட்டாவிட்டால் அது பொய் முடிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நான்கு வார விதி அதற்காகத்தான் இருக்கிறது. அதிகம் மீறப்படும் விதியும் அதுதான். பட்டையை ஆய்வுமுடிவாகப் படிக்காமல் கைரேகையாகப் படிக்கும் பழக்கம் வளர்ந்ததற்கு, கோடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதே பாதிக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சில தனியார் ஆய்வகங்கள் டியர்பார்ன் கணக்கை ஒதுக்கிவிட்டு, குறைந்த கோடுகளுக்கே 'உண்டு' என்று எழுதித் தரும் சொந்தக் கணக்கை வைத்துக்கொண்டன.

2019 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த புதிய முறையில், பட்டையின் இடத்தில் இன்னொரு எலைசா வந்தது. அடுத்த மாதமே நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அதை ஏற்றது. ஒரே சோதனையை இரண்டு தரம் செய்வதாக இதை நினைத்துவிடக் கூடாது. ஒன்றில் முழுக்கிருமி என்றால் மற்றதில் பொறுக்கி எடுத்த துண்டுகள். குறிப்பாக விஎல்எஸ்இ என்ற புரதம். கிருமி நம் உடலுக்குள் வந்தபின் வேடம் மாற்றிக்கொண்டே இருப்பது இந்தப் புரதத்தைக் கொண்டுதான். அப்படியும் அதில் ஒரு பகுதி மாறாமல் நிற்கிறது, உடல் அதை விரைவிலேயே அடையாளம் கண்டுகொள்கிறது. இரண்டு எலைசாவும் வெவ்வேறு வகையில் தவறுவதால் இரண்டும் சேர்ந்து தவறுவது குறைகிறது.

நோயில்லாதவருக்குத் தவறாக 'உண்டு' என்று சொல்லாத திறனில் இரண்டு முறைகளும் ஏறத்தாழ ஒன்றே. தொடக்க நாட்களில் புதியது கூடுதல் பேரைப் பிடிக்கிறது. முடிவும் சீக்கிரம் வருகிறது, கண்ணால் எண்ணும் வேலை இல்லை. பழைய முறைக்கு மிஞ்சும் இடம், வெகுநாள் கழிந்த நோயிலும் குழப்பமான சில முடிவுகளிலும். மாதக்கணக்கில் முழங்கால் வீங்கியவரிடம் ஐஜிஜி பட்டை நிறைய கோடு விழுந்தபடி வரும், அதில் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. மற்றபடி இன்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எண்ணைத்தான் தேர்வேன், கோட்டை அல்ல.

எண்ணுக்கும் எல்லை உண்டு. உண்ணி கடித்து 3 முதல் 30 நாட்களுக்குள் படர்ந்து விரியும் சிவப்பு வட்டம் நோயாளிகளில் 70 முதல் 80 விழுக்காட்டினருக்குத் தோன்றுகிறது. அது தோன்றிய முதல் சில நாட்களில் எடுத்த இரத்தத்தில் பழைய முறை பாதிப் பேரைக்கூடப் பிடிப்பதில்லை. புதியதும் பலரைத் தவறவிடுகிறது. எதிர்ப்புரதம் இன்னும் ஊறவில்லை என்பதே காரணம். நோய் பரவியுள்ள பகுதியில் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்ட மருத்துவர் எந்தச் சோதனைக்கும் காத்திருக்காமல் டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்க வேண்டும் என்கின்றன 2020-இல் வந்த அமெரிக்க வழிகாட்டு நெறிகள். தொடக்கத்தில் சோதனை நோயைத் தவறவிடலாம் என்பதை நோயாளியிடம் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 2013-இல் வர்ஜீனியா மாநிலம் சட்டமே போட்டது.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல். ஒரு கற்பனைக் கணக்கு: பொதுவான சோர்வும் உடல்வலியும் சொல்லும் 1000 பேரில் உண்மையில் 10 பேருக்கு நோய். நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவரை மட்டுமே தவறாகச் சேர்க்கும் மிக நல்ல சோதனையை இவர்கள் எல்லோருக்கும் செய்தாலும் 990-இல் 10 பேர் பொய்யாக அகப்படுவார்கள். நோயுள்ள 10 பேரும் தவறாமல் அகப்பட்டாலும், 'உண்டு' என்று வந்த 20 பேரில் பாதிப் பேருக்கு நோயே இல்லை. அதே சோதனையை, 500 பேருக்கு உண்மையில் நோய் இருக்கும் 1000 பேரிடம் செய்தால் பொய்யாக அகப்படுபவர் 5 பேர். குழியும் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை, மாறியது சோதிக்கப்பட்டவர்கள்தான். 2008-இல் மட்டும் ஏழு பெரிய அமெரிக்க ஆய்வகங்கள் ஏறத்தாழ 34 லட்சம் லைம் சோதனைகள் செய்ததை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

நோய் குணமான பின்னும் எதிர்ப்புரதம் ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் தங்கும். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க மறுபடி சோதிப்பதில் பயனில்லை, எண்ணிலும் இல்லை, கோட்டிலும் இல்லை. சிறுநீரில் கிருமியின் துகளைத் தேடுவதாக விற்கப்பட்ட சோதனைகளோ இந்த ஒப்பீட்டில் இடம்பெறவே தகுதியற்றவை.

சென்னைக்கும் மதுரைக்கும் இதில் ஒரு மூலை உண்டு. ஜூன் மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பிய பெற்றோருக்குத் தொடையிலோ அக்குளிலோ வட்டம் தோன்றினால், இங்குள்ள மருத்துவருக்கு லைம் நினைவுக்கு வர நியாயமில்லை. தமிழ்நாட்டில் அவர் பார்ப்பது ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பூச்சிக்கடிக் காய்ச்சலைத்தான். எந்த ஊர், எந்தத் தேதி, புல்வெளியில் நடந்தது உண்டா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். வட்டம் மறைவதற்குள் கைபேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.