நண்பர்களோட நாசிக் ஒயின் டூர் போறீங்களா? கிளம்பும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

இந்தியாவின் ஒயின் தலைநகர் என அழைக்கப்படும் நாசிக், மும்பையில் இருந்து சுமார் 170 கி.மீ. தூரத்தில் உள்ளது. சுலா, யார்க், சோமா ஆகிய ஒயினரிகள் கங்காபூர் அணைப் பக்கம் கிட்டக்கிட்ட இருப்பதால், ஒரே நாளில் இரண்டு, மூன்று இடங்களைப் பார்த்துவிடலாம்.

எப்போது போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை சீசன். ஐரோப்பாவில் ஆகஸ்ட், செப்டம்பரில் திராட்சை பறிப்பாங்க. அப்போது நாசிக்கில் மழை, பழம் அழுகிடும். அதனால மழை ஓயும் நேரத்தில் கொடியைக் கவாத்து செய்து, குளிர்காலத்தில் காய்க்க வைக்கிறார்கள். ஜனவரி 26 அன்று போகாதீங்க, அது டிரை டே!

உள்ளே என்ன பார்க்கலாம்?

திராட்சையை நசுக்கும் மெஷின், சாறு நொதிக்கும் ஸ்டீல் தொட்டிகள், ஓக் மர பீப்பாய்களைச் சுற்றிக் காட்டுவார்கள். பிறகு டேஸ்டிங். சில வகை ஒயின்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தருவார்கள். வயதுச் சான்று கையில் இருக்கட்டும்.

கார் யார் ஓட்டுவது?

முதல்ல முடிவு பண்ண வேண்டியது இதுதான். 'கொஞ்சம்தானே' என்று மூன்று இடத்தில் குடித்தால் கணக்கு ஏறிவிடும். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல்முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். குடிக்காத நண்பர் இல்லையா? டிரைவரோட வாடகை கார் பேசிடுங்க, திரும்பி வருவதற்கும் சேர்த்து!