கரியாலூர் ஏரியும் கல்வராயன் மலையும்

உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து மலையேறினால் கரியாலூர் வரும். இங்குள்ள சிறிய ஏரியில் படகுச் சவாரி உண்டு. விடுமுறைக்கு வருவோர் பெரும்பாலும் படகில் சுற்றி, பெரியார் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். வனப்பகுதியில் கூடாரமிட வனத்துறையின் முன் அனுமதி தேவை.

இம்மலையின் வரலாறு பலருக்குத் தெரிவதில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னும் மூன்று ஜாகீர்தார்களே இதை ஆண்டனர். மலையாளி பழங்குடியினர் (கேரளத்தாரல்லர்) அவர்களுக்கு வரி செலுத்தியதோடு, அவர்களின் நிலங்களில் கூலியின்றியும் உழைத்தனர். சமவெளிக்கு ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. கல்வராயன் மலையோ 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. கூலியில்லா உழைப்பைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்றும் இங்கு இருக்கின்றனர்.