ஊராள்வோரும் ஊதியமும்

முன்னாளில் யாழ்ப்பாணத்து உடையாரும் விதானையாரும் அரசின் நியமனத்தாற் பதவி பெற்றனர். பின்னர் வாக்கால் அமையும் சபைகள் தோன்றின. யாழ்ப்பாண நகரசபை 1949இல் மாநகரசபையாயிற்று. வாக்காற் தெரிவானோர்க்கு ஊதியம் வேண்டுமா?

இவ்வினாவுக்குப் பழைய சான்று ஒன்றுண்டு. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (919, 921) குடவோலைத் தேர்வை விரித்துரைக்கின்றன. இறை செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உடையோரே வாரியத்துக்கு உரியர்; வேதமும் பாடியமும் கற்றவர்க்கு அரைக்கால் வேலி போதும். வாரியத்தார்க்கு ஊதியம் அங்கு வகுக்கப்படவில்லை. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். நேர்மையைப் பேணிய அவ்விதிகளே நிலமற்றோரைப் புறத்தே நிறுத்தின.

மேல்நாட்டார் இக்குறைக்கு வேறு வழி கண்டனர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பெரிக்கிளீசு ஏதென்சு நகரத்து நடுவர்க்கு நாட்கூலி வகுத்தார். பிரித்தானியப் பொதுமக்கள் சபையினர் 1911இல் ஆண்டுக்கு 400 பவுண் பெறலாயினர்.

கூட்டத்துக்கு வரும் நாளிற் கூலியாள் தன் உழைப்பை இழக்கின்றான். அவனும் சபையேற வேண்டுமாயின் படி வேண்டும். அதன் அளவைப் பெறுவோரே வகுத்தலாகாது; கணக்குக் கேட்கும் உரிமையும் ஊரவர்க்கு இருத்தல் வேண்டும்.