ஓடிலாக் கடல் நத்தைகள்: இலங்கை இனங்களை அடையாளம் காணல்

ஓடிலாக் கடல் நத்தைகள் வளர்ந்தபின் ஓடில்லாமல் வாழும் மெல்லுடலிகள். அப்புத்தளை மரக்கறித் தோட்டங்களில் மழைக்குப்பின் ஊரும் ஓடில்லா நத்தைகளுக்கு இவை தூரத்து உறவு. இலங்கையில் இவற்றை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர் இந்நாட்டிலேயே பிறந்த மருத்துவர் கெலார்ட். திருகோணமலைக் கடலில் கிடைத்த பல இனங்களை அவர் 1858, 1859 ஆண்டுகளில் விவரித்தார்.

அடையாளம் காண நிறம் மட்டும் போதாது. ஒரே இனத்திலும் வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ப அது மாறும். முதலில் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். முதுகின் பின்புறம் பூங்கொத்துப் போலச் செவுள்கள் விரிந்திருந்தால் அது டோரிட் வகை. முதுகு முழுவதும் விரல் போன்ற நீட்சிகள் நிறைந்திருந்தால் ஏயோலிட் வகை. பில்லிடியா குடும்பத்தில் செவுள்கள் மேலங்கியின் அடியில் மறைந்திருக்கும். முதுகில் கடினமான புடைப்புகள் தெரியும்.

ஒத்த தோற்றமுடையவற்றை நுண்குறிகளே பிரிக்கின்றன. பில்லிடியா வரிகோசாவின் நீலச்சாம்பல் வரம்புகளில் மஞ்சள் புடைப்புகள் இருக்கும், தலையின் உணர்கொம்புகளும் மஞ்சளே. புரட்டினால் பாதத்தின் நடுவே கறுப்புக்கோடு தெரியும்; அதை ஒத்த பில்லிடியா செலெஸ்டிஸில் அந்தக் கோடு இல்லை. கெலார்ட் பெயரிட்ட பில்லிடியெல்லா செய்லானிக்காவில் இளஞ்சிவப்பு வரம்புகள் கறுப்பு முதுகில் நெடுக ஓடும். ஜிம்னோடோரிஸ் செய்லோனிக்கா ஒளிபுகும் வெண்ணுடலில் செம்மஞ்சள் புள்ளிகள் கொண்டது.

சாராயத்தில் பதப்படுத்திய மாதிரிகள் விரைவில் நிறமிழக்கும். ஆகவே உயிருள்ளபோது தீட்டிய வண்ணப்படங்கள் விலைமதிப்பற்றவை. இங்கிலாந்தின் நியூகாசில் ஹான்காக் அருங்காட்சியகத்தில் இருந்த கெலார்ட்டின் படங்களைக் கொண்டே 1906இல் சார்ள்ஸ் எலியட் அவருடைய இனங்களை மறுபடி ஆராய்ந்தார்.