கோலி சோடாவில் இருந்து செவ்வாய் வரை: ஒன்பது நிமிட ஆக்சிஜன்

மயிலாப்பூர் மாட வீதி வெயிலில் சுத்திட்டு ஒரு கோலி சோடா குடிச்சிருப்பீங்க. அதில் பொங்கி வர்ற கேஸ் கார்பன் டை ஆக்சைடு. நாம மூச்சு விடும்போது வெளியே தள்ளுறதும் அதுதான். அதைத் திரும்ப ஆக்சிஜனா மாத்த முடியுமா? 250 வருஷக் கதை இது. பொறுமையா படிங்க மக்களே.

1) தண்ணீரில் இந்த வாயுவைக் கலந்து சோடா தயாரிக்கலாம்னு 1767-ல் கண்டவர் ஜோசப் பிரீஸ்ட்லி. இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். 1771-ல் அவரே இன்னொண்ணும் செஞ்சார். மெழுகுவர்த்தி எரிஞ்சு அணைஞ்சுபோன, மூடி வெச்ச காற்றுக்குள்ள ஒரு புதினாக் கொத்தை வெச்சார். பத்து நாள் கழிச்சு அதே காற்றில் மெழுகுவர்த்தி மறுபடி எரிஞ்சது!

2) செடி அதைச் செய்ய வெளிச்சம் வேணும்னு 1779-ல் நிரூபிச்சவர் ஜான் இங்கன்ஹவுஸ். அவர் நம்மாளு, ஒரு டாக்டர்.

3) விண்கலத்தில் தோப்பு வைக்க முடியாதே? அங்கதான் பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாத்தியே வர்றார். 1912-ல் நோபல் பரிசு வாங்கினவர். கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் சூடான நிக்கல் மேல விட்டா மீத்தேனும் தண்ணீரும் கிடைக்கும். 2010-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு இந்தக் கருவி போச்சு. கிடைக்குற தண்ணீரை மின்சாரத்தால் பிரிச்சா ஆக்சிஜன். மீத்தேனை வெளியே விட்டுடுவாங்க. ஆனா மீத்தேன் ராக்கெட் எரிபொருள். செவ்வாய்க்குப் போறவங்களுக்கு அது பொக்கிஷம்.

4) செவ்வாயின் காற்றில் சுமார் 95% கார்பன் டை ஆக்சைடுதான். நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்திக்குள்ள, கார் பேட்டரி அளவில் மாக்ஸின்னு ஒரு பெட்டி போச்சு. அந்தக் காற்றை உறிஞ்சி, 800 டிகிரிக்குச் சூடாக்கி, மின்சாரத்தால் உடைச்சு ஆக்சிஜனைப் பிரிக்கும். முதல் தடவை ஓடினது 2021 ஏப்ரல் 20. கிடைச்சது 5.4 கிராம்.

5) தேதியைக் கவனிச்சீங்களா? இங்க கொரோனா இரண்டாம் அலை. அந்தச் செய்தியை நான் போன்ல படிச்சது நைட் டூட்டியில். வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசை. ஒரு நோயாளியோட மகள் என்கிட்ட கேட்டாங்க, "டாக்டர், அடுத்த சிலிண்டர் எத்தனை மணிக்கு வரும்?" என்கிட்ட பதில் இல்லை. செவ்வாயில ஆக்சிஜன் தயாரிக்கிறாங்க, இங்க இல்லையான்னு கோபம்தான் வந்தது.

6) அப்புறம் கணக்கு போட்டுப் பார்த்தேன். 2023 ஆகஸ்ட் வரை 16 தடவை ஓடி மாக்ஸி தயாரிச்ச மொத்த ஆக்சிஜன் 122 கிராம். அதாவது சுமார் 90 லிட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர் போற ஒரு நோயாளிக்கு அது ஒன்பது நிமிஷம்தான் வரும். ஒரு ஜம்போ சிலிண்டரோ 7,000 லிட்டர். அதே நோயாளிக்கு 11 மணி நேரத்துக்கு மேல வரும்.

7) மாக்ஸியைக் குறை சொல்லலைங்க. முடியுமான்னு பார்க்கப் போன கருவி, முடியும்னு காட்டிடுச்சு. இனி தேவை அளவு. நாலு பேர் செவ்வாயில் இருந்து கிளம்ப 7 டன் எரிபொருளும், அதை எரிக்க 25 டன் ஆக்சிஜனும் வேணும்னு நாசா கணக்கு. அவங்க ஒரு வருஷம் மூச்சு விட ஒரு டன் போதும்.

8) நமக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. நம்மைச் சுத்தி இருக்குற காற்றில் 21% ஆக்சிஜன். நைட்ரஜனைப் பிடிச்சு வெச்சுட்டு ஆக்சிஜனை விடுற சியோலைட் நிரப்பின பிளான்ட் போதும். இரண்டாம் அலைக்கு அப்புறம் நிறைய அரசு மருத்துவமனைகளில் இது வந்தாச்சு.

9) ஆனா வாங்கி வெச்சா மட்டும் போதாது. மாசா மாசம் ஓட்டிப் பார்க்கணும், ஃபில்டர் மாத்தணும், வர்ற ஆக்சிஜனோட சுத்தத்தை அளக்கணும். அடுத்த அலை சொல்லிட்டு வராது. உங்க ஊர் மருத்துவமனை பிளான்ட் ஓடுதான்னு கேளுங்க. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

அந்த மகளுக்கு அன்னிக்கு நான் சொல்லாத பதில் இதுதான். அடுத்த தடவை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

பகிருங்க.