கொல்கத்தா பெயரில் ஒரு டீஃபால்ட்

சென்னையில் ஒருவர் தன் கணினியில் லினக்ஸ் நிறுவும்போது நேர மண்டலப் பட்டியலில் சென்னையைத் தேடினால் கிடைக்காது. ஆசியா/கொல்கத்தாவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி, இப்போது ஐயானா அமைப்பு வெளியிடும் நேர மண்டலத் தரவுத்தொகுப்பின் வழக்கம் அது: மண்டலத்துக்கு அங்குள்ள பெரிய நகரத்தின் பெயர். ஆனால் அந்த மண்டலத்தின் பதிவைத் திறந்தால் உள்ளே நம்மூரும் இருக்கிறது. 1870 முதல் 1905 வரைக்கும் அதில் எழுதியிருப்பது ரயில்வே பின்பற்றிய மெட்ராஸ் நேரம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால். கல்கத்தாக்காரர்களோ 1948 வரை தங்கள் ஊர் நேரத்தை விடவேயில்லை!

தேர்ந்தெடுத்த பெயர் ஈடிசி கோப்புறையில் ‘லோக்கல்டைம்’ என்ற இணைப்பாகப் பதிகிறது. ஒரு ஜாவா நிரலுக்குக் கட்டளையிலோ சூழல் மாறியிலோ யாரும் மண்டலத்தைச் சொல்லாதபோது, ஜாவா அந்த இணைப்பைப் பிடித்துப் போய்ப் பெயரை எடுக்கிறது. இணைப்பாக இல்லாமல் வெறும் நகலாக இருந்தால் நேர மண்டலக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அச்சு அசலாகப் பொருந்துவதன் பெயரை எடுத்துக்கொள்ளும். கல்கத்தா, கொல்கத்தா இரண்டு கோப்புகளும் ஒன்றே என்பதால், 2008இல் கைவிட்ட பழைய பெயர் லாகில் தலைகாட்டக்கூடும்.

இப்படி உள்ளே வந்த பெயர்தான் டீஃபால்ட். அந்த நிரல் முழுவதற்கும் அது பொதுச்சொத்து. எந்த மூலையிலிருக்கும் வரியும் அதை மாற்றலாம். மாற்றினால் எல்லோருக்கும் மாறும். ஜாவாவில் தேதி, நேரத்தைக் கையாளும் ஸ்டீபன் கோல்போர்னின் ஜோடா-டைம் நூலகம் தனக்கென அதன் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டது. முதல் தடவை கேட்டதோடு சரி, பிறகு ஜாவாவைக் கேட்காது. நடுவில் ஜாவாவின் டீஃபால்ட் மாறினால் ஒரே நிரலுக்குள் இரண்டு கடிகாரம். 2014இல் ஜாவா 8உடன் வந்த புதிய நேர நூலகத்தையும் அவரே முன்னின்று வடிவமைத்தார். அது பிரதி எதையும் வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் ஜாவாவிடமே கேட்கிறது. நல்ல மாற்றம்தான், ஆனால் பாதிக் கிணறு.

ஏனென்றால் நிரல் லேப்டாப்போடு நிற்பதில்லை. சர்வரில் டீஃபால்ட் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரம். சென்னையில் 15 ஆகஸ்ட் 1998, நள்ளிரவு 12 மணி என்று பதிந்த பிறந்தநாள், மில்லிவிநாடி எண்ணாகப் பயணம் செய்து சர்வரில் தேதியாக அச்சாகும்போது 14 ஆகிவிடும். யூடிசியில் அது முந்தைய நாள் மாலை 6.30. சென்னையில் ஓட்டிய சோதனைகள் எல்லாம் பாஸாகியிருக்கும்.

பிறந்தநாளுக்கு மணி எதற்கு? புதிய நூலகத்தின் ‘லோக்கல்டேட்’ போதும். ஆண்டு, மாதம், நாள் தவிர அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதனிடம் மண்டலம் சொல்லாமல் இன்றைய தேதியைக் கேட்டால், அதுவும் டீஃபால்ட்டிடம்தான் ஓடும். யூடிசி சர்வரில் நமக்கு விடிகாலை 5.30 ஆகும்வரை நேற்றைய தேதியே வரும். கேட்கும்போதே மண்டலத்தின் பெயரையும் அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டால், சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும் தேதி சரியாக வரும்.